நுண்மை எங்கிருந்து வந்தது? பிளாஸ்மா வெட்டின் வரலாற்றில் ஒரு திருத்தம்

இலையும் கொடியுமாக வெட்டப்பட்ட ஓர் இரும்புத் தட்டியைக் காண்போர், அந்த நுண்மைக்கான பெருமையைக் கணினிக்கே அளித்துவிடுகின்றனர். எண்வழிக் கட்டுப்பாட்டின் வரலாற்றுச் சித்திரிப்புகளும் பெரும்பாலும் இப்பார்வையையே வலுப்படுத்துகின்றன. 1952-இல் எம்.ஐ.டி.யின் சர்வோ ஆய்வகம், துளையிட்ட காகித நாடாவால் இயங்கும் அரவை எந்திரத்தைக் காட்சிப்படுத்தியது. அன்றிலிருந்து எந்திரத்தின் கை நடுங்குவதில்லை. ஆனால் நடுங்காத கையில் தடித்த தூரிகையைக் கொடுத்தால் மெல்லிய கோடு வராது. மெல்லிய தகட்டைப் பொறுத்தவரை, கதையின் மையம் செப்பு நாசிலின் துளையில்தான் இருக்கிறது.

'பிளாஸ்மா' என்ற சொல்லை மின்னேற்றம் பெற்ற வாயுவுக்கு 1928-இல் சூட்டியவர் இர்விங் லாங்மியூர். உருவாக்கப்பட்டது, வார்க்கப்பட்டது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல் அது; குருதியின் நீர்ப்பகுதிக்கு முன்பே வழங்கியது. உருவமற்ற ஒன்றுக்கு இப்பெயர் வாய்த்தது ஒரு முரண்தான். ஆனால் பின்னர் நடந்தது அம்முரணைத் தீர்த்தது என்றே சொல்ல வேண்டும். 1950-களில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ராபர்ட் கேஜ், பற்றவைப்புக்குப் பயன்பட்ட மின்வில்லைக் குறுகிய நாசிலின் வழியே நெருக்கிச் செலுத்தினார். பரந்து எரிந்த வில் கூரிய தாரையாக உருப்பெற்றது. அதற்கான காப்புரிமை 1957-இல் கிடைத்தது.

அன்றைய தேவை நுண்வேலை அன்று. அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகுமே. ஆக்சிஜன் சுடரால் அலுமினியத்தை வெட்ட இயலாது. உலோகம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். அதன்மேல் படியும் ஆக்சைடோ 2,000 பாகையைக் கடந்தும் உருகாது நிற்கும். பிளாஸ்மாவுக்கு இத்தடை இல்லை.

தொடக்ககால எலக்ட்ரோடு டங்ஸ்டன். ஆக்சிஜன் பட்டால் அது விரைவில் அழிந்துபோகும் என்பதால் ஆர்கான், ஹைட்ரஜன், நைட்ரஜன் ஆகியவற்றையே நாட வேண்டியிருந்தது. செப்பு எலக்ட்ரோடின் முனையில் சிர்கோனியமோ ஹாஃப்னியமோ பதிக்கும் வழி பிறந்த பின்னரே சாதாரணக் காற்றைக்கொண்டு வெட்ட முடிந்தது. 1923-இல் கோபன்ஹேகனில் கண்டறியப்பட்டு, அந்நகரின் இலத்தீனப் பெயரையே தாங்கிய ஹாஃப்னியம், இவ்வாறு சிறு பட்டறைகளுக்குள் நுழைந்தது.

மெல்லிய தகட்டின் சிக்கல் வேறு வகையது. வெப்பம் பரவ இடமின்றித் தகடு நெளியும், வெட்டுத்தடம் அகலும், அடிவிளிம்பில் கசடு ஒட்டும். மின்னோட்டத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. அதற்கேற்ப நாசிலின் துளையும் சுருங்கினால்தான் வில்லின் செறிவு நிலைக்கும். இத்திசையில் பிளாஸ்மாவைத் தள்ளியது போட்டியே. பாராமதியில் பிறந்து புனேயில் பயின்ற குமார் பட்டேல், 1964-இல் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். அவ்வகை லேசர் தகடு வெட்டும் தொழிலில் வேரூன்றியதும், மெல்லிய தகட்டில் பிளாஸ்மாவுக்கு இடமில்லை என்ற நிலை நெருங்கியது. 1990-களில் பரவிய உயர்செறிவு பிளாஸ்மா அதற்கான மறுமொழி.

கணினி இக்கதையில் சில வேளை இடையூறாகவும் இருந்தது. டார்ச்சின் உயரத்தைக் கட்டுப்பாட்டுக் கருவி மின்வில்லின் வோல்ட்டைக் கொண்டே கணிக்கிறது: வில் நீண்டால் வோல்ட் ஏறும். கூர்மூலையில் எந்திரம் வேகம் குறைக்கும்போது வெட்டுத்தடம் அகன்று, வில் நீண்டு, வோல்ட் ஏறுகிறது. டார்ச் உயர்ந்துவிட்டது என்று பிழையாகக் கொள்ளும் கருவி, அதைத் தகட்டின்மீதே இறக்கிவிடுகிறது. நுண்வேலை என்பதே மூலைகளின் தொகுப்பாதலால், சிறந்த வரைபடமே மிகுதியாகச் சிதைந்தது! மூலைக்கு முன்னரே உயரக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும் வழக்கம் இதனால் வந்தது.

வாயுவின் சுழற்சியும் கணினிக்குக் கற்பிக்கப்பட வேண்டியிருந்தது. வாயு வலஞ்சுழியாகச் சுழலும் டார்ச்சில், செல்லும் திசைக்கு வலப்புற விளிம்பே செங்குத்தாக அமையும். எனவே வெளிக்கோடு வலஞ்சுழியாகவும் உள்துளை இடஞ்சுழியாகவும் வெட்டப்படுகின்றன. மிகச் சிறிய துளைகளுக்கு இவ்வளவும் போதுவதில்லை. பல பட்டறைகளில் டார்ச் மையத்தை மட்டும் புள்ளியிட்டு விலகிக்கொள்ள, துளையை இன்றும் டிரில்தான் இடுகிறது.