கேட்கக் கற்றவர்கள்

"இசை உலகப் பொதுமொழி" என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். செவிக்கு இனிய சொல்தான். ஆயினும், ஐரோப்பிய இசையும் ஆசிய இசையும் ஒரே விழாவில் கூடிய வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்போர்க்கு, அச்சொல் முழு உண்மை அன்று என்பது விளங்கும். மொழிகளுக்கு இருப்பது போலவே இசை மரபுகளுக்கும் தனித்தனி இலக்கணம் உண்டு. அதனைப் பயிலாத செவிக்கு மிகச் சிறந்த இசையும் வெறும் ஓசையாகவே எட்டும். எனவே, இரு மரபினரை ஒரே மேடையில் ஏற்றிவிடுவது எளிது. ஒருவர் மற்றவரை உள்ளபடி கேட்குமாறு செய்வதே அரிது. ஏறத்தாழ நூறாண்டுக் கால இசை விழாக்களின் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

பாரிஸ் பொருட்காட்சி

பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு நிறைவையொட்டி 1889ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. ஐஃபெல் கோபுரம் எழுந்தது அதற்காகவே. அன்றைய ஐரோப்பிய வல்லரசுகள் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் வளத்தை அங்கே பறைசாற்றிக் கொண்டன. ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்த ஜாவாத் தீவிலிருந்து ஆண்களும் பெண்களும் அழைத்து வரப்பட்டு, அவர்கள் நாட்டுப் பாணியில் அமைக்கப்பட்ட ஒரு சிற்றூரில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் கைவினை செய்வதும் அன்றாட வாழ்வு நடத்துவதும்கூடப் பார்வையாளர்க்குக் காட்சியாயின.

அச்சிற்றூரில் நடன மங்கையரின் ஆட்டத்திற்குத் துணையாகக் காமெலான் இசை ஒலித்தது. வெண்கலச் சேகண்டிகளும், உலோகப் பட்டைகளைத் தட்டி ஒலிக்கும் கருவிகளும், முழவும் கூடிய குழு இசை அது. பல்லாயிரம் பேர் அதைக் கடந்து சென்றனர். பெரும்பாலோர்க்கு அது ஒரு விநோதம். ஜூலியன் தியர்சோ போன்ற அறிஞர் சிலரே அவ்விசையைக் குறித்தெழுத முயன்றனர்.

கடந்து செல்லாமல் மீண்டும் மீண்டும் வந்து நின்று கேட்டவர்களுள் ஓர் இளைஞரும் இருந்தார். அவர் பெயர் குளோத் டெபுஸ்ஸி, வயது இருபத்தாறு. ஐரோப்பிய இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். தாம் பயின்ற விதிகளுக்குப் புறத்தேயும் நுண்மையான ஓர் இசை ஒழுங்கு இருக்க இயலும் என்பதை அங்கே அவர் உணர்ந்தார். 1903இல் வெளிவந்த அவருடைய 'பகோத்' என்னும் பியானோப் படைப்பில் அந்த அனுபவத்தின் சாயலை அறிஞர் காண்கின்றனர். 1913இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஜாவா இசையில் குரல்கள் ஒன்றோடொன்று பின்னும் நுட்பத்தின் முன்னே, திருச்சபை இசையின் மாமேதை பலஸ்திரீனாவின் நுட்பமும் குழந்தை விளையாட்டாகவே தோன்றும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். மிகைப்படக் கூறினார் என்று நாம் கருதலாம். ஆனால், ஆளப்படுவோரின் கலை தாழ்ந்தது என்று எண்ணிய காலத்தில் எழுந்த குரல் அது என்பதை மறக்கலாகாது.

எனினும் பாரிஸில் நிகழ்ந்தது பாதிச் சந்திப்பே. ஒருவர் கேட்டார், மற்றவர் காட்சிப்பொருளாகவே இருந்தனர். கலைஞர் கலைஞரோடு சமமாக அமரும் நாள் வருவதற்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு கடக்க வேண்டியிருந்தது.

இரு கலைஞர்கள்

யெஹூதி மெனுகின் 1916இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே வயலின் மேதையெனப் புகழ் பெற்றவர். ருமேனிய நாட்டு இசைஞர் ஜார்ஜ் எனெஸ்கு அவருடைய ஆசான். ரவிசங்கர் 1920இல் காசியில் பிறந்தவர். அண்ணன் உதயசங்கரின் நடனக் குழுவோடு பத்து வயதில் பாரிஸ் சென்று, ஐரோப்பிய அரங்குகளைக் கண்டு வளர்ந்தவர். 1938இல் அந்த வாழ்வைத் துறந்து, மைஹர் என்னும் சிற்றூரில் உஸ்தாத் அலாவுதீன் கானின் அடியமர்ந்து சிதார் பயின்றார். அந்த ஆசானோ வயலினும் வாசிக்க வல்லவர்; மேனாட்டுக் கருவிகளையும் சேர்த்து ஊர்ச் சிறுவர்களைக் கொண்டு இசைக் குழு அமைத்தவர்.

1952இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று மெனுகின் இந்தியா வந்தார். டெல்லியில் ரவிசங்கரின் சிதார் இசையைக் கேட்டார். புகழின் உச்சியில் இருந்த அவர் அன்று ஒரு மாணவராகிப் போனார் எனலாம். 1955இல் நியூயார்க்கில் இந்திய இசைக்கு மேடை அமைக்க முன்னின்றார். ரவிசங்கர் செல்ல இயலாத நிலையில், அலாவுதீன் கானின் மகனாகிய அலி அக்பர் கான் சரோத் வாசித்தார். அவ்வேளையில் வெளிவந்த இசைத்தட்டில் இந்திய இசையை அறிமுகப்படுத்திப் பேசும் குரல் மெனுகினுடையதே. தாம் வாசிப்பதற்கு முன்னர் மற்றவரைப் பிறர் கேட்கச் செய்ததே அவர் செய்த முதற்பணி.

1963இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழா இந்தியக் கலைகளுக்குத் தனியிடம் அளித்தது. நம் எம். எஸ். சுப்புலட்சுமியும், பரத நாட்டியக் கலைஞர் பாலசரசுவதியும் அங்கே சென்றனர். காட்சிப்பொருளாக அன்றி, அழைக்கப்பட்ட கலைஞர்களாகவே அவர்கள் மேடையேறினர்.

பாத் நகரின் சோதனை

இங்கிலாந்தின் பாத் நகரில் ஆண்டுதோறும் நடைபெற்ற இசை விழாவின் கலை இயக்குநராக மெனுகின் 1959 முதல் பணியாற்றி வந்தார். 1966ஆம் ஆண்டு விழாவில் வயலினும் சிதாரும் இணைந்து வாசிப்பதென முடிவாயிற்று. தபேலாவுக்கு அல்லா ரக்கா.

இதில் என்ன அருமை என்று வாசகர் வினவலாம். இரு மரபுகளின் அடிப்படையே வேறு. ஐரோப்பிய மரபில், இசையமைப்பாளர் எழுதி வைத்ததைக் கலைஞர் வாசிக்கிறார். பல சுரங்கள் ஒருசேர ஒலித்து உண்டாக்கும் இணக்கமே அதன் உயிர். பியானோ போன்ற கருவிகளில் ஒரு தானத்தின் பன்னிரு சுரங்களும் சம இடைவெளியில் நிறுத்தப்பட்டுள்ளன. இந்திய மரபிலோ தம்புராவின் இடையறாத சுருதியின் மீது ஒற்றை இழையாக இராகம் விரிகிறது. சுரங்கள் அசைந்தும் வழுக்கியும் கமகத்தோடு ஒலிக்கின்றன. கலைஞர் தாள வட்டத்திற்குள் நின்று, இராகத்தின் வரம்பை மீறாமல், அந்தக் கணத்திலேயே இசையைப் படைக்கிறார். ஒருவர் ஏட்டைப் பார்த்து வாசிக்க, மற்றவர் உள்ளத்தைப் பார்த்து வாசிக்கும் இருவர் எங்ஙனம் சேர்ந்து நடப்பது?

அவ்விழாவுக்கென முதலில் பீட்டர் ஃபாய்ஷ்ட்வாங்கர் என்னும் ஐரோப்பிய இசையமைப்பாளர் திலங் இராகத்தை ஒட்டி ஓர் இசைப்படைப்பை எழுதினார். அது ரவிசங்கருக்கு நிறைவளிக்கவில்லை. இராகத்தின் இயல்பு கெடாதபடி அதனைப் பெரிதும் மாற்றி அமைத்தார். வயலினுக்குரிய பகுதி மேனாட்டுச் சுரக்குறிப்பில் எழுதப்பட்டது. தாமாகக் கற்பனை செய்து இராகம் வாசிக்கும் பயிற்சி தமக்கில்லை என்பதை மெனுகின் மறைக்கவில்லை. உலகமே வியந்த கலைஞர், தமக்குத் தெரியாத ஒன்றின் முன் தொடக்கநிலை மாணவராக அமர்ந்தார். இருவரும் சேர்ந்து வாசிக்கும் சில புகைப்படங்களில் அவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பதையும் காணலாம்.

பாத் மேடையின் பயனாக 'மேற்கு கிழக்கைச் சந்திக்கிறது' என்ற இசைத்தட்டு உருவாயிற்று. அதன் அமைப்பு சிந்தனைக்குரியது. ஒரு பக்கத்தில் குணகளி இராகத்தை ஒட்டி வயலினும் தபேலாவும், பூரியா கல்யாணில் ரவிசங்கரின் சிதார், திலங் இராகத்தில் இருவரும் இணைந்த வாசிப்பு. மறுபக்கம் முழுவதும் மெனுகினும் அவர் தங்கை ஹெப்சிபாவும் வாசித்த எனெஸ்குவின் சொனாட்டா. ருமேனிய நாட்டுப்புற இசையின் சாயலில் எழுந்த படைப்பு அது. சேருமிடத்தில் சேர்ந்தார்கள், தனித்து நிற்க வேண்டிய இடத்தில் தனித்தே நின்றார்கள். எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக்கிவிட வேண்டும் என்ற அவசரம் அங்கே இல்லை. அவ்விசைத்தட்டு 1967ஆம் ஆண்டுக்கான கிராமி விருதைப் பெற்றது. 1967 டிசம்பரில் மனித உரிமை நாளன்று ஐக்கிய நாடுகள் மன்றத்திலும் இருவரும் சேர்ந்து வாசித்தனர்.

பாராட்டோடு பழியும் வந்தது. மரபின் தூய்மையை ரவிசங்கர் கெடுக்கிறார் என்று இந்தியாவில் பலர் குறை கூறினர். ஆயினும், திலங் இராகத்தின் இயல்புக்காகப் பிறர் எழுதியதைத் திருத்தியவர் மரபைக் கைவிட்டவர் என்று சொல்லுதல் பொருந்துமா?

பெருங்கூட்டமும் சிறு செவியும்

அதன்பின் மேடைகள் பெருகின. 1967இல் கலிபோர்னியாவின் மான்டெரேயிலும், 1969இல் வுட்ஸ்டாக்கிலும் கூடிய மாபெரும் இளைஞர் விழாக்களில் ரவிசங்கர் வாசித்தார். போதைப் பொருளின் மயக்கத்தில் அமர்ந்து இராகம் கேட்கும் கூட்டம் அவருக்கு வேதனை தந்தது. அதை அவர் வெளிப்படையாகவே கூறினார்.

1971 ஆகஸ்ட் 1ஆம் நாள், வங்கதேச அகதிகளுக்கு உதவ நியூயார்க்கில் அவரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய நிகழ்ச்சியில் நடந்த ஒன்று இன்றும் நினைவுகூரப்படுகிறது. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சற்று நேரம் சுருதி சேர்த்தனர். சேர்த்து முடித்ததும் அரங்கம் அதிரக் கைதட்டல்! சுருதி சேர்த்ததையே இவ்வளவு விரும்பினீர்களாயின், வாசிப்பை இன்னும் விரும்புவீர்கள் என நம்புகிறேன் என்ற பொருள்பட ரவிசங்கர் புன்னகையோடு கூறினார். அக்கூட்டத்தினர் நல்லெண்ணம் கொண்டவர்கள். துன்புறும் மக்களுக்காகப் பொருள் ஈந்தவர்கள். அவர்களை நாம் எள்ளி நகையாடலாகாது. ஆனால் அன்பு மட்டுமே அறிவாகிவிடாது என்பதற்கு அக்கைதட்டல் சான்று.

ஒரு பெயர் பிறந்த கதை

1982 ஜூலையில், பாத் நகருக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லாத ஷெப்டன் மேலட்டில் இன்னொரு விழா தொடங்கிற்று. பாடகர் பீட்டர் கேப்ரியலும் நண்பர்களும் உலக மக்களின் இசை, நடனம், கலை அனைத்தையும் ஒரே திடலில் கூட்டிய 'வோமாட்' விழா அது. முதல் விழாவிலேயே பெரும் கடன். அதைத் தீர்க்கக் கேப்ரியல் தம் பழைய குழுவினரோடு அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் சேர்ந்து பாட வேண்டியதாயிற்று. ஆனாலும் விழா நிலைத்தது. பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. 1985இல் எசெக்ஸ் கரையோரமுள்ள மெர்சித் தீவில் நடந்த வோமாட் விழாவில் பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபத்தே அலி கான் கவ்வாலி பாடினார். சூஃபி அடியாரின் பக்தி இசை, அம்மொழிகளை அறியாத புதிய செவிகளை அங்கே சென்றடைந்தது.

1987இல் இலண்டன் மதுக்கூடம் ஒன்றில் இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடினர். இத்தகைய இசைத்தட்டுகளைக் கடைகளில் எந்தப் பலகையின்கீழ் அடுக்குவது என்பதே அவர்களின் கவலை. 'உலக இசை' என்ற பெயரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். விற்பனைக்கு அது உதவியது. ஆனால் காமெலானும் கவ்வாலியும் சிதாரும் ஒரே அடுக்கில் நிற்க, ஐரோப்பியச் செவ்விசைக்கு மட்டும் தனியடுக்கு என்றானது. எல்லாவற்றையும் தழுவுவது போல் தோன்றும் ஒரு பெயர், எல்லாவற்றின் முகத்தையும் மறைத்துவிடவும் கூடும்.

நம் கைக்கு வந்த வயலின்

இச்சந்திப்பு தமிழ் மண்ணில் எந்த விழாவும் இன்றி முன்னரே நிகழ்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த நாளில், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். முறையாகக் கற்ற பின்னரே அக்கருவியில் கருநாடக இசையை வாசித்துக் காட்டினார். அவருக்குப் பின் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதில் புகழ் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார்.

நின்று வாசிக்கப்பட்ட கருவி இங்கே தரையில் அமர்ந்தது. அதன் தலைப்பகுதி கலைஞரின் காலில் ஊன்றிற்று. தந்திகள் ச–ப–ச–ப எனச் சேர்க்கப்பட்டன. கமகங்களுக்கு இடங்கொடுக்க விரல்கள் வேறு வழி கண்டன. இன்று வயலினை அயல்நாட்டுக் கருவி என்று நம்மில் எவரேனும் எண்ணுகிறோமா? ஒரு தலைமுறை பொறுமையோடு கற்றது. அடுத்த தலைமுறைகள் அதைத் தமதாக்கிக் கொண்டன.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், 'கேள்வி'க்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்டலும் ஒரு பயிற்சி என்பது அவர் உள்ளக்கிடக்கை போலும். பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றார். மெனுகின் இந்தியரிடம் கற்றார். இருவரும் தம் மரபை இழக்கவில்லை. அது விரிவடையவே கண்டனர்.

மெனுகின் 1999இல் மறைந்தார். அல்லா ரக்கா 2000இலும் ரவிசங்கர் 2012இலும் மறைந்தனர். இசை விழாக்கள் இன்றும் தொடர்கின்றன. அவற்றை நடத்துவோர் எத்தனை நாட்டுக் கொடிகள் பறந்தன, எத்தனை ஆயிரம் பேர் கூடினர் என்று கணக்கிடுவர். திடல் ஒழிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின், எத்தனை பேர் மறுநாள் காலையில் ஓர் ஆசானைத் தேடிப் போனார்கள் என்ற கணக்கை எவரும் எடுப்பதில்லை. கிழக்கும் மேற்கும் சந்தித்தனவா என்பதைச் சொல்லும் கணக்கு அதுவே.