மீகாமனும் மேய்ப்பனும்: ஒரு வினைச்சொல்லின் வரலாறு

பிரெஞ்சு மொழியின் 'கூவெர்னே', இத்தாலியத்தின் 'கொவெர்னாரே', ஸ்பானியத்தின் 'கொபெர்னார்' ஆகிய ஆட்சிப் பொருள்தரும் வினைகள் மூன்றும் 'குபெர்னாரே' என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தவை. அதுவோ கிரேக்கத்திலிருந்து இரவல் பெற்ற சொல். (முதலெழுத்தாகிய ககரம் இலத்தீனிலே ஒலிப்புடையதாக மாறியதை நமது வரிவடிவம் காட்டாது.) அதன் முதற்பொருள் கலஞ்செலுத்துதல், 'குபெர்னாத்தோர்' என்பான் மீகாமன்.

இக்கடற்சொல்லை அரசியலுக்கு ஏற்றியோரும் கிரேக்கரே. பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில், கலஞ்செலுத்தும் கலையைக் கல்லாத மாலுமிகள் சுக்கானைக் கைப்பற்றப் பூசலிடுவதையும், உண்மையான மீகாமனை விண்மீன் பார்க்கும் வீணன் என அவர்கள் இகழ்வதையும் காட்டுகின்றார். இவ்வுவமை மக்களாட்சிக்கு எதிராக எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. உரோமரிடம் 'நேர்ப்படுத்தல்' என்னும் பொருளுடைய 'ரெகெரே' என்ற சொந்த வினை இருந்தது. மன்னனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' அதனோடு உறவுடையது. மன்னன் என்ற பெயரையே வெறுத்த குடியரசுக் காலத்துச் சிசரோவுக்கு மீகாமன் உருவகம் உவப்பாயிருந்ததில் வியப்பில்லை.

ஆயின் உரோமானிய வழிமொழிகளில் இவ்வினை அரண்மனையோடு நின்றுவிடவில்லை. அடுக்களைக்கும் தொழுவத்துக்கும் சென்றது. பழம்பிரெஞ்சில் உணவளித்துப் பேணுதலையும் அது குறித்தது. இத்தாலியர் கால்நடைகளுக்குத் தீனியிட்டுப் பராமரிப்பதை இன்றும் 'கொவெர்னாரே' என்பர். போர்த்துக்கேயத்தில் 'கொவெர்னாந்தா' வீட்டு நிருவாகத்தைக் கவனிக்கும் பணிப்பெண். ருமேனியமோ தனிவழி சென்றது: சுக்கானைக் குறிக்கும் சிலாவியச் சொல்லை ஏற்று, அதிலிருந்து 'கர்முயி' என ஆளுதலுக்கு ஒரு வினை படைத்துக்கொண்டது, 'குவெர்னா' பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தது. இலத்தீன் சொல் வழக்கிழந்த இடத்திலும் கடல் உருவகம் மீண்டும் முளைத்தமை கருதற்பாலது.

மிஷேல் பூக்கோ 1978 இல் பாரிஸில் ஆற்றிய விரிவுரைகளில் இவ்வினையின் பழம்பொருள்களை ஆராய்ந்தார். கிரேக்க மீகாமன் உருவகத்தில் ஆளப்படுவது நகரமாகிய கலமே, தனிமனிதரல்லர் என்றும், மனிதரை மந்தையென மேய்க்கும் கருத்துக் கீழைத்தேயத்திலிருந்து கிறித்தவத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்தது என்றும் அவர் கொண்டார். வேறுபாடு உண்மையே. எனினும் இன்னொன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். கலம் கவிழின் மீகாமனும் மூழ்குவான். மந்தை அழியினும் மேய்ப்பன் எஞ்சுவான். இத்தாலியன் தன் அமைச்சரவைக்கும் தன் மாட்டுக்கும் ஒரே வினையை வழங்கும்போது, இவ்விரு உறவுகளில் எதைக் கருதுகின்றான் என்பதை அச்சொல் நமக்குக் கூறுவதில்லை.