ஆதுலர் சாலையும் பள்ளிச்சந்தமும்

திருக்கோயில் என்றவுடன் கோபுரமும் விமானமுமே முதற்கண் நினைவில் எழுகின்றன. அங்கே நாள்தோறும் பூசனை புரிந்தும் வேதம் ஓதியும் தொண்டாற்றியும் வந்த மாந்தர் நோயுற்றபோது அவரைப் பேணியவர் யாவர்? விடை கல்வெட்டுக்களில் உண்டு. எறையூர் அடங்கிய பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கும் இச்செய்திக்கும் நெருங்கிய தொடர்புண்டு. முதலாம் இராசேந்திரன் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இச்சீமையில் உள்ளதன்றோ!

அந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உளது. காலம் ஏறத்தாழ கி.பி. 1068. கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணாக்கர் உண்டுறையும் விடுதியும், 'வீரசோழன்' எனப் பெயரிய ஆதுலர் சாலையும் இருந்தன. அம்மருத்துவமனையில் படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அவர்க்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வோன் ஒருவன், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் மகளிர் இருவர், நாவிதன் ஒருவன். நோயாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. இரவு விளக்கின் எண்ணெய்க்கும் பொருள் ஒதுக்கிய அந்த நுண்ணிய கருத்தை என்னென்பது! நோயாளர் எனக் குறிக்கப்பெற்றோர் மாணாக்கரும் கோயிற் பணியாளருமேயாவர். வைணவக் கோயிலாயினும், அங்கு உண்டி பெற்றோருள் சிவப்பிராமணரும் இருந்தனர்.

பிற சமயத் துறவியரையும் சோழர் மறந்திலர். ஸ்ரீவிசய மன்னன் மாரவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்திற் சூடாமணிவர்ம விகாரம் என்னும் புத்தப்பள்ளியை எடுத்தான். சிவபாதசேகரன் என விருது பூண்ட முதலாம் இராசராசன், தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் (கி.பி. 1006) ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். 97 வேலிக்கு மேற்பட்ட அந்நிலத்தின் வரி எண்ணாயிரத்துக்கும் மிகுந்த கலம் நெல். கொடுத்தவன் மறைந்தால் கொடை என்னாவது? பிக்குகளின் உணவு அதிலன்றோ தங்கியிருந்தது! தந்தை சொல்லை இராசேந்திரன் செப்பேட்டில் ஏற்றி நிலைபெறச் செய்தான். லெய்டன் நகரில் நெடுங்காலம் இருந்தமையால் அவை லெய்டன் செப்பேடுகள் எனப்படுகின்றன.

அரசன் ஆணை ஒன்றே போதியதாகவில்லை. நாட்டார் கூடினர், சுற்றிலுமுள்ள பிரமதேயங்களின் சபையார் சார்பிலும் ஆட்கள் வந்தனர். பிடியானையை முன்னே நடத்தி, எல்லை சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டிக் கையெழுத்திட்டனர். வேதம் ஓதும் ஊரார் புத்தப்பள்ளியின் எல்லைக்குச் சான்றாயினர்!

இவ்வழக்கம் அரியலூர்ச் சீமையில் பின்னரும் தொடர்ந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680-1747) ஏலாக்குறிச்சியில் தங்கி, அதனைத் திருக்காவலூர் எனப் போற்றிக் கலம்பகம் பாடினார். அங்குள்ள மாதா கோயிலுக்கு நிலம் ஈந்தவர் அரியலூர் மழவராயர். அவரோ கிறித்தவர் அல்லர்.