கோவன்ட் கார்டன்: மொத்தச் சந்தை கடைவீதியான வரலாறு

லண்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியில் உள்ள கோவன்ட் கார்டன் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் காய்கனிக்கும் மலர்களுக்கும் பெயர்பெற்ற சந்தையாக விளங்கியது. 1974இல் மொத்த வியாபாரம் முழுவதும் தேம்ஸ் ஆற்றின் தென்கரைக்கு இடம்பெயர்ந்தது. ஆறாண்டுகள் கழித்து பழைய சந்தைக் கட்டடம் சிறு கடைகளும் உணவகங்களும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. பழைய சந்தையை இடிக்காமல் புதிய பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த முன்மாதிரியாக நகரமைப்புத் துறையினர் இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் கட்டடம் பிழைத்ததை மட்டும் சொன்னால் வரலாற்றின் பாதி விடுபட்டுப்போகும். நிலம் யார் கையில் இருந்தது, அவர் யாருக்குக் கடையை விட்டார் என்பதே ஒவ்வொரு காலத்திலும் அங்கே யார் பிழைத்தார்கள் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

பிரபுவின் சதுக்கம்

இடைக்காலத்தில் இந்த நிலம் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளின் தோட்டமாக இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களின் சொத்துகளைக் கைப்பற்றியபோது இதுவும் அரசின் கைக்குப் போனது. 1552இல் பெட்ஃபோர்டின் முதல் பிரபுவான ஜான் ரசலுக்கு இது மானியமாகக் கிடைத்தது. அடுத்த 366 ஆண்டுகள் ரசல் குடும்பமே நிலத்துக்கு உடைமையாளர்.

நான்காம் பிரபு பிரான்சிஸ் ரசல் 1631இல் அரசர் முதலாம் சார்லஸிடம் உரிமம் பெற்று, கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸைக் கொண்டு இங்கே ஒரு சதுக்கத்தை அமைத்தார். இத்தாலியச் சதுக்கங்களைப் பார்த்துக் கற்ற அமைப்பு அது. மேற்கில் புனித பால் தேவாலயம், வடக்கிலும் கிழக்கிலும் தரைத்தளத்தில் வளைவுத் தாழ்வாரங்களுடன் வரிசை வீடுகள், தெற்கில் பிரபுவின் மாளிகைத் தோட்டத்துச் சுவர். செல்வர்கள் குடிவரவேண்டும் என்பதே நோக்கம், அவர்களும் வந்தார்கள்.

சந்தை திட்டமிட்டுத் தொடங்கப்பட்டதன்று. 1650களில் அந்தத் தோட்டச் சுவரின் நிழலில் சிலர் கீரையும் பழமும் வைத்து விற்கத் தொடங்கினர். 1670இல் ஐந்தாம் பிரபு, ஞாயிறும் கிறிஸ்துமஸும் நீங்கலாக நாள்தோறும் பழம், மலர், கிழங்கு, மூலிகை விற்கும் சந்தைக்கு இரண்டாம் சார்லஸிடம் அரச பட்டயம் பெற்றார். கடைக்காரர்கள் கட்டும் சுங்கம் பிரபுவின் வருமானமாயிற்று. கூட்டமும் குப்பையும் பெருகப் பெருக, யாருக்காகச் சதுக்கம் கட்டப்பட்டதோ அந்தச் செல்வர்கள் மேற்கே புதிதாக எழுந்த குடியிருப்புகளுக்கு நகர்ந்தனர். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் காபிக் கடைகளும் மதுக்கடைகளும் தங்கும் விடுதிகளும் வந்தன. அருகில் 1663இல் டிரூரி லேன் அரங்கும், 1732இல் கோவன்ட் கார்டன் அரங்கும் திறந்தன. மாளிகை 1700களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டபின், சுவரோரம் இருந்த கடைகள் சதுக்கத்தின் நடுவுக்கே வந்துவிட்டன. சுற்றுப்புறம் மாறுவதும், மாறிய சுற்றுப்புறத்துக்கேற்பச் சந்தை இடம் பிடிப்பதும் இருபதாம் நூற்றாண்டில் புதிதாக நேர்ந்தவை அல்ல.

ஃபௌலரின் கட்டடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுக்கம் முழுதும் மரக்கொட்டகைகள் ஒழுங்கின்றிப் பரவியிருந்தன. 1828இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியே ஆறாம் டியூக் (குடும்பம் இதற்குள் டியூக் பட்டம் பெற்றிருந்தது) சந்தையைச் சீரமைக்கும் அதிகாரத்தைப் பெற்றார். கட்டடத்தை வரைந்தவர் சார்லஸ் ஃபௌலர். 1830இல் வேலை முடிந்தது.

இந்தக் கட்டடத்தின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது, பிற்காலத்தில் இது பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிழக்கு மேற்காக மூன்று நீண்ட கட்டட வரிசைகள், வெளிப்புறத்தில் கருங்கல் தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள். நடு வரிசையின் ஊடே ஒரு நடைபாதை, அதன் இருபுறமும் சிறிய பழக்கடைகள். கடைகளுக்குக் கீழே சரக்கு வைக்கும் நிலவறைகள். கிழக்கு முகப்பின் மேல்மாடியில் தொட்டிச் செடிகள் விற்கக் கண்ணாடி மனைகள். வரிசைகளுக்கு இடையே இருந்த திறந்த முற்றங்களுக்கு 1870களிலும் 1880களிலும் இரும்பும் கண்ணாடியும் கொண்ட கூரை போடப்பட்டது. ஃபௌலர் வடிவமைத்த மற்றொரு லண்டன் சந்தையான ஹங்கர்ஃபோர்டு, சேரிங் கிராஸ் ரயில் நிலையத்துக்காக 1862இல் இடிபட்டது. கோவன்ட் கார்டனைத் தொட எந்த ரயில் நிறுவனமும் வரவில்லை.

ரயில் வந்தபின் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும், நீராவிக் கப்பல் வந்தபின் கடல் கடந்தும் சரக்கு குவிந்தது. சதுக்கத்தைச் சுற்றி மலர்ச் சந்தை, வெளிநாட்டு மலர்களுக்கான ஜூபிலி மண்டபம் எனத் தனித்தனிக் கட்டடங்கள் எழுந்தன. நள்ளிரவுக்குப் பின் வண்டிகள் வரும், விடியுமுன் விலை பேசி முடியும், நண்பகலில் தெரு கழுவப்படும். கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் அடுக்கி, கை படாமல் நடந்துபோகும் சுமைதூக்கிகள் சந்தையின் அடையாளமாயினர். அவர்களுக்காகச் சுற்றியுள்ள மதுக்கடைகள் விடியற்காலையிலேயே திறக்கத் தனி அனுமதி பெற்றிருந்தன. சந்தையின் வேர்கள் சதுக்கத்தோடு நிற்கவில்லை. தெருத்தெருவாகக் கிடங்குகள், கூடை முடைபவர்கள், சாக்கு விற்பவர்கள், அச்சகங்கள், நாடக உடை தைப்பவர்கள். இன்று டொன்மார் வேர்ஹவுஸ் அரங்காக உள்ள கட்டடம் வாழைப்பழம் பழுக்கவைக்கும் கிடங்காக இருந்திருக்கிறது. ஒரு சந்தை ஒரு வட்டாரத்தையே நடத்திவந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கைமாறிய நிலம்

1913இல் பதினோராம் டியூக் இந்தச் சொத்தை இருபது லட்சம் பவுண்டுக்கு ஹாரி மல்லபி-டீலி என்ற நாடாளுமன்ற உறுப்பினருக்கு விற்க ஒப்புக்கொண்டார். நிலம் வாங்கி விற்பதில் தேர்ந்தவரான அவர், மறு ஆண்டே அந்த உரிமையை மாத்திரைத் தயாரிப்பில் பொருளீட்டிய ஜோசப் பீச்சமுக்குக் கைமாற்றினார். முதல் உலகப் போரினால் தாமதமாகி 1918இல் விற்பனை முடிந்தது. பீச்சம் குடும்பத்துக்குப் பின் ஒரு நிலச் சொத்து நிறுவனம் வந்தது. வாடகையும் சுங்கமும் வந்துகொண்டிருந்தவரை புதிய உடைமையாளர்கள் சந்தையைப் பெரிதாக மாற்றவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாரிகள் பெருகின. பதினேழாம் நூற்றாண்டுத் தெருக்களில் அவை திரும்பக்கூட இடமில்லை, காலை நெரிசல் வெஸ்ட் எண்ட் முழுவதையும் பிடித்தது. 1961இல் இயற்றிய சட்டத்தின்படி கோவன்ட் கார்டன் சந்தை ஆணையம் உருவாகி, மறு ஆண்டு சந்தையை அரசு சார்பில் வாங்கியது. ஆற்றின் தென்கரையில் நைன் எல்ம்ஸ் என்ற இடத்தில் பழைய ரயில் நிலத்தைத் தேர்ந்தெடுத்து, லாரிகளுக்கேற்ற புதிய சந்தையைக் கட்டினார்கள். 1974 நவம்பரில் வியாபாரிகள் அங்கே கடை போட்டனர். ஆல்பிரட் ஹிட்ச்காக் தமது 'ஃப்ரென்ஸி' படத்தை இந்தச் சந்தையில் வைத்து எடுத்தது அதற்குச் சற்று முன்புதான். காய்கனி வியாபாரியின் மகனான அவர், அழியப்போகும் ஒரு தொழிலிடத்தைப் படச்சுருளில் விட்டுச்சென்றார்.

இடிப்புத் திட்டமும் எதிர்ப்பும்

சந்தை போகிறது என்றவுடன், அது தாங்கிநின்ற வட்டாரம் முழுவதையும் புதிதாகக் கட்டலாம் என்ற எண்ணம் பிறந்தது. லண்டன் பெருநகர மன்றமும் வெஸ்ட்மின்ஸ்டர், கேம்டன் உள்ளாட்சிகளும் இணைந்து 1968இல் வரைவுத் திட்டம் வெளியிட்டன. அகன்ற புதுச் சாலைகள், மாநாட்டு மையம், பெரிய விடுதிகள், அலுவலக அடுக்குமாடிகள், உயரத்தில் நடைபாலங்கள். வட்டாரத்தின் பெரும்பகுதிக் கட்டடங்கள் இதற்காக இடிபடவேண்டும். ஃபௌலரின் கட்டடத்தை விட்டுவைப்பதாகவே திட்டம் சொன்னது, சுற்றியிருந்த வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் அந்தச் சலுகை இல்லை.

அன்றைய நகரமைப்பாளர்களைத் தீயவர்களாகக் காட்டுவது நியாயமல்ல. நெரிசலும் பழுதான வீடுகளும் உண்மையானவை, காருக்கு வழி விடுவதே நவீன நகரத்தின் கடமை என்று ஐரோப்பா முழுவதும் நம்பிய காலம் அது. ஆனால் அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் குறைந்த வாடகையில் குடியிருந்தனர் என்பதும், அவர்களுடைய வேலை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது என்பதும் வரைபடத்தில் இடம்பெறவில்லை. திட்டக் குழுவிலேயே பணியாற்றிய பிரையன் ஆன்சன் இதை உணர்ந்து குடியிருப்போர் பக்கம் சாய்ந்தார், பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1971இல் கோவன்ட் கார்டன் சமூகச் சங்கம் உருவாயிற்று. சுமைதூக்கிகள், கடைக்காரர்கள், நாடகத் தொழிலாளர்கள், கட்டடக்கலை மாணவர்கள் எல்லோரும் அதில் சேர்ந்தனர். அதே ஆண்டு நடந்த பொது விசாரணையில் அவர்கள் திட்டத்தை வரிவரியாக எதிர்த்தனர்.

1972இல் திட்டக் குழுவின் தலைவி லேடி டார்ட்மத், பொதுமக்களின் கருத்துக்குத் திட்டம் ஒத்துவரவில்லை என்று பதவி விலகினார். 1973 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெஃப்ரி ரிப்பன் திட்டத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்துகொண்டே, அதன் எல்லைக்குள் சுமார் 250 கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார். இடிக்கவேண்டிய இடங்களில் எல்லாம் இடிக்கக்கூடாத கட்டடம் முளைத்துவிட்டதால் திட்டம் தானாகவே செயலிழந்தது. பாரிஸ் நகரின் மையத்தில் விக்டர் பல்தார் கட்டிய லே ஆல் சந்தையின் இரும்பு மண்டபங்கள் 1971இல் இடிபட்டு, அங்கே வெறும் பள்ளம் எஞ்சியிருந்தது. ஒரு சந்தையை இழந்தால் நகரம் எப்படியிருக்கும் என்பதற்கு லண்டன்வாசிகள் வெகுதூரம் போய்ப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

புது வளாகம்

புதிய திட்டத்தைக் குடியிருப்போரின் பிரதிநிதிகளோடு கலந்து வகுக்கும் முறை வந்தது. லாங் ஏக்கர் தெருவில் ஓடம்ஸ் அச்சகம் இருந்த இடத்தில் அலுவலகங்களுக்குப் பதிலாக 102 வாடகை வீடுகள் கொண்ட ஓடம்ஸ் வாக் குடியிருப்பு எழுந்தது. கோவன்ட் கார்டன் போராட்டத்தின் மிகப் பெரிய பலன் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது, சுற்றுலாக் கையேடுகளில் மட்டும் அதன் பெயரைக் காண்பது அரிது.

ஃபௌலரின் கட்டடத்தைப் பெருநகர மன்றத்தின் வரலாற்றுக் கட்டடப் பிரிவே புதுப்பித்தது. மிகத் துணிந்த மாற்றம் தெற்கு மண்டபத்தில் நடந்தது. தரையின் ஒரு பகுதியை அகற்றி நிலவறைகளை வெளிச்சத்துக்குத் திறந்தார்கள். உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிய அறைகள் கீழ்த்தள முற்றத்தை நோக்கிய கடைகளாயின, கடைகளின் எண்ணிக்கை கூடியது, கூரையின் கண்ணாடி வழியே இறங்கும் ஒளி கீழ்வரை போனது. 1980 ஜூனில் வளாகம் திறந்தது. அதே ஆண்டு மலர்ச் சந்தைக் கட்டடத்தில் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் குடியேறியது.

பெருங்கடைகளைத் தவிர்த்து, தனித்தன்மையுள்ள சிறு கடைகளுக்கே இடம் தருவது மன்றத்தின் கொள்கையாக இருந்தது. நடுப்பகுதியில் கைவினைஞர்களுக்குத் தள்ளுவண்டிக் கடைகள். தேவாலயத்தின் முன்தாழ்வாரத்தில் தெருக் கலைஞர்களுக்கு இடம். 1662இல் சாமுவேல் பீப்ஸ் இந்த இடத்தில்தான் பாவைக்கூத்துப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வளாகம் திறப்பதற்கு முன்பே, 1976இல், அருகிலிருந்த நீல்ஸ் யார்டு என்ற கைவிடப்பட்ட கிடங்கு முற்றத்தில் நிக்கலஸ் சாண்டர்ஸ் தானியக் கடை திறந்திருந்தார். சந்தை போனபின் காலியான கிடங்குகளின் மலிவான வாடகைதான் அத்தகைய முயற்சிகளுக்குக் கைகொடுத்தது.

இரும்பு முகப்பு இடம் மாறிய விந்தையும் உண்டு. பழைய கோவன்ட் கார்டன் அரங்கின் இடத்தில் உள்ள ஓபரா அரங்கை ஒட்டி 1860இல் கட்டிய ஃப்ளோரல் ஹால், அரங்கம் 1990களில் விரிவாக்கப்பட்டபோது அதனோடு இணைக்கப்பட்டது. அதன் இரும்பு முகப்பு ஒன்று இப்போது தென்கரையில் பரோ சந்தையின் வாயிலாக நிற்கிறது, அங்கே இன்றும் காய்கறி விற்கிறார்கள்.

மன்றத்துக்குப் பின்

1986இல் லண்டன் பெருநகர மன்றம் கலைக்கப்பட்டது. அதன் சொத்துகளை விற்கும்போது சந்தைக் கட்டடமும் தனியார் கைக்குப் போனது. இந்த விற்பனையை முன்னிட்டு 1988இல் கோவன்ட் கார்டன் பகுதி அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டு, முக்கியக் கட்டடங்களின் நெடுங்காலத் தலைமைக் குத்தகை அதற்குத் தரப்பட்டது. ஒவ்வொரு குத்தகைக்கும் ஆண்டு வாடகை ஒரு சிவப்பு ஆப்பிளும் ஒரு பூச்செண்டும். கட்டடம் இடிபடாமல் காக்கும் ஏற்பாடு இது. கடையின் வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இதில் இல்லை.

2006இல் கேப்பிட்டல் அண்ட் கவுண்டீஸ் நிறுவனம் வளாகத்தை வாங்கி, சுற்றியுள்ள தெருக்களிலும் ஒவ்வொரு கட்டடமாகச் சேர்த்தது. வாடகை ஏற ஏறச் சிறு கடைகளின் இடத்தில் உலகப் பெயர்கள் வந்தன. 2010இல் சதுக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் பெரிய கடை திறந்தது. 2023இல் கேப்பிட்டல் அண்ட் கவுண்டீஸ், ஷாஃப்ட்ஸ்பரி என்ற நிலச் சொத்து நிறுவனத்துடன் இணைந்தது. 2025இல் நார்வே அரசின் முதலீட்டு நிதி கோவன்ட் கார்டன் சொத்தில் 25 விழுக்காட்டை 57 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தெற்கே, நைன் எல்ம்ஸ் சந்தையும் தன் நிலத்தின் ஒரு பகுதியைக் குடியிருப்புகளுக்கு விட்டுக்கொடுத்து மறுகட்டுமானத்துக்கு உள்ளாகியிருக்கிறது. 1971இல் தொடங்கிய சமூகச் சங்கம் இன்றும் இயங்குகிறது. நள்ளிரவுக்குப் பின்னான மதுபான உரிமங்கள், நடைபாதையில் பரவும் உணவக மேசைகள், குடியிருப்புகள் குறுகியகாலத் தங்குமிடங்களாக மாறுவது ஆகியவையே அதன் இன்றைய வழக்குகள்.