முலூஸ் மோட்டார் நூதனசாலை: சேகரிப்பும் உழைப்பும்

ஐரோப்பாவிற் கோடைகாலம் மோட்டார்ப் பந்தயங்களின் காலமாகும். பெல்ஜியத்தின் ஸ்பா, இத்தாலியின் மொன்சா, பிரான்சின் லெ மான் ஆகிய பந்தயத் தடங்களை நாடி விடுமுறையிற் செல்லும் பிறநாட்டார் பலர், ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் மோட்டார் நூதனசாலைகளைப் பார்வையிடுவது வழக்கம். அவ்வாறு செல்வோரைப் பெரிதும் கவர்வனவற்றுள் ஒன்று, பிரான்சின் கிழக்கெல்லையில், அல்சாஸ் பிரதேசத்து முலூஸ் நகரில் அமைந்துள்ள தேசிய மோட்டார் நூதனசாலையாகும். நானூறுக்கும் மேற்பட்ட வாகனங்கள் அங்குப் பேணப்படுகின்றன. அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை புகாட்டி என்னும் ஒரே நிறுவனத்தின் ஆக்கங்கள். இத்துணைப் பெருஞ் சேகரிப்பு எவ்வாறு உருவானது, யாருடைய உழைப்பால் உருவானது, எவ்வாறு பொதுச் சொத்தாயிற்று என்னும் வினாக்கள் பந்தய வெற்றிகளின் வரலாற்றினும் முக்கியமானவை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்வையாளர் முதலிற் காண்பது புகாட்டியின் புகழையே. மிலான் நகரிற் பிறந்த எத்தோரே புகாட்டி, 1909இல் மொல்ஸ்ஹைம் என்னும் சிற்றூரில் தமது தொழிற்சாலையை நிறுவினார். அக்காலத்தில் அல்சாஸ் ஜேர்மனியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. முதலாம் உலகப் போரின் பின்னர் அது மீண்டும் பிரான்சுடன் இணைந்தமையால், புகாட்டியின் வண்டிகள் பிரான்சுக்குரிய நீல நிறத்துடன் பந்தயத் தடங்களில் ஓடின. 1924இல் அறிமுகமான 35ஆம் வகைக் கார், எட்டு உருளைகள் கொண்ட எந்திரமும் அலுமினிய வார்ப்புச் சில்லுகளும் உடையது. சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நடைபெற்ற தார்கா புளோரியோப் பந்தயத்தில் 1925 முதல் 1929 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து புகாட்டியே வென்றது. 1929இல் நடைபெற்ற முதலாவது மொனாக்கோப் பெரும் பந்தயத்தின் வெற்றியும் அவ்வகைக் காருக்கே கிடைத்தது. ஆயினும் 1939இல் மகன் ஜோன் ஒரு காரைச் சோதித்தோட்டியபோது விபத்தில் மாண்டார். 1947இல் தந்தையும் இறந்தார். அதன்பின் அந்நிறுவனம் முன்னைய நிலையை மீண்டும் எய்தவில்லை. ஒரு காலத்துப் புகழின் சின்னங்கள் கவனிப்பாரற்றுச் சிதறிக் கிடந்தன.

அவற்றைத் திரட்டிய செல்வம் மோட்டார்த் தொழிலிலிருந்து வந்ததன்று, நூலிலிருந்து வந்தது. முலூஸ் தொன்றுதொட்டுத் துணித்தொழில் நகரமாகும். சோழமண்டலக் கரை உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்து சென்ற வண்ண அச்சுத் துணிகள் ஐரோப்பியரைக் கவர்ந்தபோது, உள்நாட்டு நெசவைக் காக்கும் பொருட்டுப் பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை அவற்றையும் அவற்றின் போலிகளையும் தடைசெய்திருந்தது. முலூஸ் அன்று பிரான்சுக்குப் புறம்பான தன்னாட்சி நகராக இருந்தமையால், 1746இல் அங்கு அத்தகைய துணிகளை அச்சிடும் தொழில் தொடங்கி விரைந்து வளர்ந்தது. 1798இல் நகரம் பிரான்சுடன் இணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைப் பிரான்சின் மான்செஸ்டர் என்றே அழைத்தனர்.

இம்மரபின் இறுதிக் கட்டத்தில் தோன்றியவர்களே ஹான்ஸ், பிரிற்ஸ் என்னும் ஷ்லும்ப் சகோதரர்கள். சுவிற்சர்லாந்துத் தந்தைக்கும் அல்சாஸ் தாய்க்கும் பிறந்த இவர்கள் முலூசிலே வளர்ந்து, 1935இல் தமது கம்பனியை நிறுவி, நாளடைவிற் பல கம்பளி நூற்பாலைகளுக்கு உரிமையாளராயினர். இளையவரான பிரிற்சுக்குப் புகாட்டி மீது தணியாத வேட்கை இருந்தது. 1960களில் அவர் உலகெங்கும் கடிதம் எழுதிக் கார்களை வாங்கலானார். மொல்ஸ்ஹைம் தொழிற்சாலையில் எஞ்சியிருந்த வண்டிகளை வாங்கினார். 1964இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரின் முப்பது வரையான புகாட்டிகளை ஏறத்தாழ 85,000 டொலருக்குப் பெற்றார். ‘றோயல்’ என்னும் மாபெரும் புகாட்டிகள் ஆறு மட்டுமே கட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று மொல்ஸ்ஹைமிலிருந்தும், மற்றொன்று அமெரிக்காவிலிருந்தும் முலூசை வந்தடைந்தன.

1957இல் வாங்கப்பெற்ற பழைய கம்பளி ஆலையொன்றே இவற்றின் களஞ்சியமாயிற்று. ஏறத்தாழ 17,000 சதுர மீற்றர்ப் பரப்புடைய மண்டபத்திற் பாரிஸ் நகரத்துப் பாலமொன்றின் அலங்கார விளக்குகளைப் போலச் செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான விளக்குக் கம்பங்கள் நிறுத்தப்பட்டன. கம்மியர், தச்சர், தோல் வேலையாளர் எனப் பலர் அங்குக் கார்களைப் பழுதுபார்த்தனர். உள்ளே நடப்பதை வெளியிற் கூறலாகாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே, நகரின் நடுவே வளர்ந்த இச்சேகரிப்பை நகரத்தார் பலர் அறிந்திருக்கவில்லை.

1970களில் ஐரோப்பியத் துணித்தொழில் கடும் நெருக்கடிக்குள்ளானது. செயற்கை இழைகளும், குறைந்த விலை இறக்குமதிகளும், 1973இன் எண்ணெய் விலையேற்றமும் பழைய ஆலைகளைத் தாக்கின. 1976இல் ஷ்லும்ப் ஆலைகள் வீழ்ச்சியுற்று ஆட்குறைப்புத் தொடங்கியதும் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து சகோதரர்களின் இல்லத்தை முற்றுகையிட்டனர். பொலிசாரின் பாதுகாப்புடன் வெளியேறிய இருவரும் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் புகலடைந்தனர். 1977 மார்ச் 7ஆந் திகதி தொழிற்சங்கத்தினர் பூட்டியிருந்த மண்டபத்துட் புகுந்தபோதே, தமது ஆலைகளின் செல்வம் எவ்வடிவம் எடுத்திருந்தது என்பதைக் கண்ணாரக் கண்டனர்.

அவர்கள் அதன்பின் நடந்துகொண்ட முறையே இவ்வரலாற்றில் மிகவும் நோக்கத்தக்கது. திருத்தப்படாத சிறிய ஒஸ்டின் கார் ஒன்று எரிக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. அதனைத் தவிர்த்தால், சினத்துக்கு எல்லா நியாயமும் இருந்தும் சேகரிப்பை அவர்கள் அழிக்கவில்லை. மண்டபத்துக்குத் ‘தொழிலாளரின் தொழிற்சாலை’ எனப் பெயரிட்டு, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, ஈராண்டுகள் காவல் புரிந்தனர். 1978இற் பிரெஞ்சு அரசு அச்சேகரிப்பை வரலாற்றுச் சின்னமாகப் பதிவுசெய்தது. இதனால் அது துண்டுதுண்டாக ஏலம்போய் நாடுகடந்து சிதறுவது தடுக்கப்பட்டது. 1981இல் நகரசபையும் பிரதேச அமைப்புகளும் பிறவும் இணைந்த சங்கமொன்று 44 மில்லியன் பிராங்குக்கு அதனை வாங்கியது. 1982 யூலை 10ஆந் திகதி அது தேசிய நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

இவ்விடத்து இரு தரப்பின் வாதங்களையும் நடுநிலையில் நோக்குதல் வேண்டும். கம்பனிகளின் பணத்தைத் தமது சொந்த வேட்கைக்குச் செலவிட்டனர் என்பது சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டு. கார்களின் விலை மட்டுமே ஆலைகளை வீழ்த்தியது எனக் கொள்வது பொருந்தாது. அல்சாசின் வேறு பல ஆலைகளும் அக்காலத்தில் மூடப்பட்டன. அன்றியும், பிறர் பழைய இரும்பாகக் கருதியவற்றைப் பிரிற்ஸ் வாங்கிப் பேணியிராவிடின் புகாட்டியின் வரலாறு பெரிதும் அழிந்திருக்கும். பின்னர் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் வழி நூதனசாலையின் பெயரோடு ஷ்லும்ப் என்னும் பெயரும் இணைக்கப்பட்டதை இதனாற் குறைகூற இயலாது. ஆயினும் நெருக்கடிக் காலத்தில் ஆலைகளைப் புதுப்பிக்க உதவியிருக்கக்கூடிய முதல், பூட்டிய கதவுகளுக்குள் அலங்காரமாக உறைந்திருந்தது என்பதும் மறுக்கவியலாத உண்மை. நட்டம் தொழிலாளரைச் சார்ந்தது. சேகரிப்பு நாட்டுக்குக் கிடைத்தது. ஆனால் அவர்கள் இழந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

சேகரித்தவரின் பெயர் நூதனசாலையின் பெயரிலே நிலைத்துவிட்டது. வென்ற ஓட்டுநரின் பெயர்களும் பந்தய வரலாற்றில் நிலைத்துள்ளன. நூல் நூற்று அச்செல்வத்தை ஈட்டியோரையும், ஈராண்டுகள் அதனைக் காத்தோரையும் அத்தகைய பெயர்ப் பட்டியல் எதிலும் காண்டல் அரிது. அவர்கள் விட்டுச்சென்ற பெருஞ்சான்று, சிதறாது எஞ்சியுள்ள அச்சேகரிப்பே. பந்தய விடுமுறையில் முலூசுக்குச் செல்வோர் நீலக் கார்களின் வேகத்தை வியப்பது இயல்பே. அவை நிற்கும் மண்டபம் முன்னர் ஒரு நூற்பாலை என்பதையும் உணர்வாராயின், பந்தயத்தின் வரலாற்றோடு ஒரு தொழில் நகரத்தின் வரலாற்றையும் அவர்கள் அறிந்தவராவர்.