ஊர், ஓலை, தண்டம்

நீதிபதியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது இந்தியாவில் இல்லை என்பார்கள் சட்டம் படித்தவர்கள். 1832ல் மிசிசிப்பி மாநிலம் எல்லா நீதிபதிகளையும் தேர்தலுக்குக் கொண்டுவந்தது. டெக்சாஸில் கவுன்டி நீதிபதி ஓட்டுக் கேட்டுத்தான் வருகிறார். வக்கீலாக இருக்க வேண்டியதுகூட இல்லை. நமக்கு அது வேற்று நாட்டுச் சமாச்சாரம். ஆனால் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நின்று யோசித்தால் இந்தப் பேச்சு அவ்வளவு கறாராக நிற்பதில்லை.

சோழமண்டலக் கரையின் மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்துதான் முதல் கோர்ட்டு. வலைத் தகராறு, கடன், அடிதடி, குடும்பச் சண்டை எல்லாம் அங்கேதான். நாட்டார், செட்டியார் என்று பரம்பரையாக வந்த தலைமை பல ஊர்களில் ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும் நிர்வாகிகளிடம் போய்விட்டது. தண்டம் கட்டு, இல்லாவிட்டால் ஊர்விலக்கம். 'ஊரு சொல்லிடுச்சு' என்றால் அதற்குமேல் வாய் திறப்பது லேசில்லை.

யார் இந்த ஊரு? வரி கட்டும் ஆண்கள். கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பத்தை ஓட்டுகிறவளுக்குப் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் இடமில்லை. அவள் வழக்கைப் புருஷனோ அண்ணனோ பேச வேண்டும். இதைச் சொன்னால் மரபை இழிவுபடுத்துவதாகச் சில தோழர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். உத்திரமேரூர்க் குடவோலையை மேடைக்கு மேடை பேசுகிறோமே, முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அந்தக் கல்வெட்டுகள் கேட்பது என்ன? கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. ஓலை குடத்துக்குள் விழுமுன்பே தேர்தல் முடிந்துவிட்டது.

வெள்ளைக்காரன் 1816ல் கிராமத் தலைவனைச் சின்ன வழக்குகளுக்கு முன்சீப்பாக்கினான். பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980ல் ஒழித்தது. 2008ன் கிராம நியாயாலயச் சட்டமோ நியாயாதிகாரியை உயர் நீதிமன்றத்தைக் கலந்து அரசே நியமிக்கச் சொல்கிறது. ஓட்டுக்கு அங்கே வேலையில்லை.

ஊர் தேர்ந்தெடுத்தவனின் அதிகாரமும் ஊர்க்காரன் மேல் மட்டும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை முகத்துவாரத்தில் வந்து படிந்தபோது, எந்தப் பஞ்சாயத்து எந்த ஆலைக்குத் தண்டம் போட முடியும்? பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. அங்கே இருப்பவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். தீர்ப்புச் சொல்லிப் பழகிய ஊரு, ஆலைக்கு எதிரே மனுதாரராகக் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. அரசு நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று வந்தது. கூடைக்கு எவ்வளவு என்று அவளே எழுந்து கேட்கிற ஊர்க்கூட்டம் எப்போது கூடும் என்பதுதான் நான் கேட்பது.