மவுண்ட் ரோட்டு இத்தாலியக் கடையும் நம்ம மெஸ் கணக்கும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது நான் குடிகாடு சிப்காட்டில் நைட் ஷிப்டில் இருந்தேன். "பாய்லர் பற்றி எழுதட்டுமா சார்?" என்றேன். "ஐயையோ, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுப்பா" என்றார். எல்லாருக்கும் பிடித்தது சாப்பாடு. ஆகவே ஒரு சாப்பாட்டுக் கடையின் சரித்திரம்.

மூன்றாம் ஆண்டில் ஆறு பேர் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போனது நண்பர்களுக்கு நினைவிருக்கும். கடற்கரைப் பக்கம் பல வருஷமாக நடந்துவந்த ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. பீட்சா வந்ததும் நம்மில் ஒருவன், "தொட்டுக்க என்ன இருக்கு?" என்று கேட்டான். சர்வர் சிரிக்காமல் மிளகாய்த்தூள் கொண்டுவந்து வைத்தார். பில் வந்ததும் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணினோம்!

ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். மெட்ராஸில் குமாஸ்தாவாக இருந்தவர். "என்னடா பெரிய இத்தாலி? நாங்க மவுண்ட் ரோட்டுல பொசோட்டோ பார்த்தவங்க" என்றார். "உள்ள போய்ச் சாப்பிட்டீங்களா?" என்றேன். "வாசல்ல கேக் வாசனை பிடிச்சதோட சரி."

அந்தப் பெயரைத் தேடிப் படித்தபோதுதான் அசந்து போனேன். பொசோட்டோவுக்கு முன் அந்த ஓட்டல் ஜியாகோமோ தாஞ்செலிஸ் என்பவருடையது. அவரைக் கார்சிகாக்காரர் என்று சென்னை வரலாறு எழுதுபவர்கள் குறிப்பிடுகிறார்கள். கார்சிகா 1768 வரை இத்தாலியின் ஜெனோவாவுக்கு உட்பட்டிருந்த தீவு. கேக், மிட்டாய், விருந்துச் சமையல் என்று மவுண்ட் ரோட்டில் தொழில் தொடங்கி, பிறகு ஓட்டலும் நடத்தினார்.

இப்படி வந்தவர் அவர் ஒருவரல்ல. டூரின் பக்கத்து ஃபெடெரிகோ பெலிட்டி, வைஸ்ராய் மேயோவின் மிட்டாய்ச் சமையல்காரராக 1869-இல் இந்தியா வந்தார். 1872-இல் மேயோ அந்தமானில் கொல்லப்பட்டபின் கல்கத்தாவில் சொந்தக் கடை போட்டார்; சிம்லாவிலும் பேர் வாங்கினார். இதற்கெல்லாம் முன்பே, 1606-இல் மதுரை வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி, சோறும் காய்கறியும் மட்டுமே சாப்பிட்டு வாழ்ந்தார். அவர் நம் சாப்பாட்டுக்கு மாறினார். இவர்கள் தங்கள் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

எஞ்சினியர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அடுத்த வருஷமே, 1910 மார்ச்சில், நம்ம ஓட்டல்காரர் தாமே வரைந்த படத்தை வைத்து ஒரு விமானம் செய்யச் சொன்னார். செய்து கொடுத்தது மவுண்ட் ரோட்டு சிம்சன் கம்பெனி. அது 1840-இல் தொடங்கிய வண்டி கட்டும் கம்பெனி. 1903-இல் நீராவிக் காரே செய்தவர்கள். பல்லாவரத்தில் பறந்து பார்த்து, பிறகு தீவுத்திடலில் டிக்கெட் வைத்து ஜனங்களுக்குக் காட்டினார்.

அலகாபாத்திலிருந்து நைனிக்குத் தபால் விமானம் பறந்தது 1911 பிப்ரவரி 18-இல். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முந்தைய சென்னை விமானம் எத்தனை பேருக்குத் தெரியும்? நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்த எனக்கே தெரியவில்லையே! தபாலில் முத்திரை குத்தினார்கள், சாட்சி மிஞ்சியது. சமையல்காரர் பறந்ததைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள். எழுதி வைத்தவர் சிலர்தான். இன்று மவுண்ட் ரோடு அண்ணா சாலை. அங்கே தாஞ்செலிஸும் இல்லை, பொசோட்டோவும் இல்லை.

சாப்பாட்டுக் கடைக்குச் சரித்திரம் எழுத வேண்டியவர் முதலாளி அல்ல, சாப்பிட்டவர்தான். இதை நான் உணர்ந்தது வேறோர் இடத்தில். காலேஜ் பக்கம் நாம் கணக்கு வைத்துச் சாப்பிட்ட மெஸ்ஸில் எனக்கு 310 ரூபாய் பாக்கி. வேலை கிடைத்ததும் கொடுக்கலாம் என்று இருந்தேன். மூன்று வருஷம் கழித்துப் போனால், அங்கே செல்போன் கடை. அண்ணன் எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கத்தரிக்காய் கொத்சும், நம் பேரெல்லாம் எழுதிய அந்தக் கோடு போட்ட நோட்டும் அவரோடு போயின.

சந்திப்புக்கு வரும் நண்பர்களே, அந்த அண்ணனைப் பற்றித் தெரிந்தவர்கள் ஆளுக்கு நாலு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். விலாசம் தெரிந்தால் இன்னும் நல்லது. 310 ரூபாயை நான் இன்னும் தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.